கணையத்தில் நைட்ரஜனை அளந்துவிட்டார்களாம், எதை அளந்தார்கள்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்ணாகும் நோய், வந்தவர்களுக்குக் கணையத்தில் ‘நைட்ரஜன் நச்சு’ ஏறிவிடுகிறது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதைத் துல்லியமாக அளந்துவிட்டார்கள், காலையில் வெறும் வயிற்றில் பீட்ரூட்டும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் கலந்த தூளைக் கரைத்துக் குடித்தால் அது மளமளவென்று இறங்கிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். யார் அளந்தார்கள், எலியிலா மனிதரிலா, எந்தக் கருவியால் அளந்தார்கள், ஒரு வரி இல்லை. திங்கட்கிழமை மதியத்துக்குள் அந்தப் பக்கத்தின் படம் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் எல்லாம் வந்து சேர்ந்தது, கூடவே தூள் டப்பாவின் விலையும் கூப்பிட வேண்டிய நம்பரும். பினாங்கில் ஆய்வுக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், திசுவை அரைப்பதும் கலர் பார்ப்பதுமாகவே காலம் போனது, அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ‘நச்சு’ என்று எழுதியது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடாகத்தான் இருக்கும். அதை உடம்பு எதிலிருந்து தயாரிக்கிறது தெரியுமா? ஆர்ஜினினிலிருந்து. பீட்ரூட்டில் நிறைய இருக்கும் நைட்ரேட்டும் வாயிலுள்ள பாக்டீரியாக்களின் உதவியால் நைட்ரைட்டாகி, அப்புறம் நைட்ரிக் ஆக்சைடாகவே மாறுகிறது. ஆக, இறங்க வேண்டும் என்று சொன்ன பொருளுக்கே மூலப்பொருளைக் கரண்டியில் அள்ளிக் கொடுக்கச் சொல்கிறது உங்கள் கட்டுரை. இதை எழுதியவரும் யோசிக்கவில்லை, பக்கம் போட்டவரும் யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் நைட்ரிக் ஆக்சைடு கெட்டபெயர் எடுக்க வேண்டிய சரக்கு இல்லை. ரத்தக் குழாயைத் தளர்த்துகிற செய்தியைக் கொண்டுபோவது அதுதான். 1992-ல் அமெரிக்காவின் சயன்ஸ் இதழ் அதை அந்த வருடத்தின் மூலக்கூறாகத் தேர்ந்தெடுத்தது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூவருக்கு அதற்காகவே மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் அதைச் செய்யும் என்சைம் மூன்று வகை. நரம்பில் ஒன்று, ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒன்று, இந்த இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். மூன்றாவது, அழற்சி வந்த சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், வந்தால் நிறுத்தாமல் கொட்டும். அப்படிக் கொட்டும்போது பக்கத்தில் ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் சூப்பர் ஆக்சைடு இருந்தால் இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகும். புரதத்தையும் கொழுப்பையும் கடித்துக் குதறுவது பெரும்பாலும் இந்தப் பெராக்சிநைட்ரைட்தான். நைட்ரிக் ஆக்சைடுக்குத் திசுவில் சில விநாடி ஆயுள் என்றால் இதற்கு ஒரு விநாடிகூடக் கிடையாது.

இப்போது கேட்கிறேன், சில விநாடியில் மறைந்துபோகும் ஒன்றை எலியின் வயிற்றைத் திறந்து, கணையத்தை வெட்டி எடுத்து, அரைத்து, சுழற்றி, மேலே நிற்கும் நீரை எடுத்து எப்படி ஐயா அளப்பது? அளப்பதில்லை. அது விட்டுப்போனதைத்தான் அளக்கிறார்கள். சீனப் புத்தாண்டு முடிந்த மறுநாள் காலையில் ஜார்ஜ்டவுன் தெருவில் கிடக்கும் சிவப்புக் காகிதத்தைக் கூட்டி அள்ளி எடை போட்டு, நேற்று ராத்திரி எத்தனை பட்டாசு வெடித்தது என்று சொல்வது போலத்தான் இது. வெடித்தது என்பது நிச்சயம். எப்போது வெடித்தது, யார் வீட்டு வாசலில் வெடித்தது, பாதிக் காகிதம் அடுத்த தெருவிலிருந்து காற்றில் வந்ததா என்பதெல்லாம் தனிக் கேள்வி.

ரொம்பப் பேர் பயன்படுத்துவது கிரீஸ் சோதனை. நம் சமையலறை கிரீஸ் இல்லை. யோஹான் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர், இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரில் பீர் ஆலையில் ரசாயன வேலை பார்த்தவர், 1879-ல் வெளியிட்டது. மாதிரித் திரவத்தில் சல்ஃபனிலமைடையும் இன்னொரு நாஃப்தைல் சேர்மத்தையும் அமிலத்தோடு ஊற்றினால், நைட்ரைட் இருக்கிற இடம் ரோஜா நிறமாகும். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஓரமாக ஒரு வரிசை தெரிந்த அளவு நைட்ரைட்டை ஊற்றி வைப்போம், முதல் குழி தண்ணீர் மாதிரி இருக்கும், அடுத்தது இளஞ்சிவப்பு, கடைசிக் குழி நல்ல ரோஸ்மில்க் கலரில் வந்துவிடும். மெஷினில் 540 நானோமீட்டர் ஒளியில் படித்து, நம் மாதிரி எந்தக் குழியோடு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போடுவோம். அவ்வளவுதான். கிளினிக்கில் சிறுநீர்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டையை முக்கி எடுக்கிறார்களே, அதில் ‘நைட்ரைட்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதுவும் இதே வினைதான். அந்தக் கட்டம் ரோஸ் ஆனால் டாக்டர் ‘கிருமி இருக்கலாம்’ என்பார், ‘உங்கள் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு இவ்வளவு’ என்று சொல்லமாட்டார்.

இதில் இடறுகிற இடங்கள் நிறைய. கிரீஸ் சோதனைக்குத் தெரிந்தது நைட்ரைட் மட்டும். அதன் செறிவு ஒரு மைக்ரோமோலாருக்குக் கீழே போனால் அதுவும் தெளிவாகத் தெரியாது. ரத்தம் இருக்கிற இடத்தில் நைட்ரிக் ஆக்சைடு ஹீமோகுளோபினோடு மோதி நேராக நைட்ரேட் ஆகிவிடும், நைட்ரேட்டுக்கு ரோஸ் வராது. அதனால் முதலில் ஒரு என்சைம் போட்டோ வனேடியம் குளோரைடு போட்டோ நைட்ரேட்டை நைட்ரைட்டாகத் திருப்ப வேண்டும். திருப்பினார்களா, முழுக்கத் திரும்பியதா என்று கட்டுரையில் இல்லாவிட்டால் அந்த எண் எதைச் சொல்கிறது என்றே புரியாது. சாப்பாடு இன்னொரு தலைவலி. முதல் நாள் ராத்திரி கீரை மசியலும் பீட்ரூட் பொரியலும் சாப்பிட்டு வந்தவர் ரத்தத்தில் நைட்ரேட் ஏறித்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் படுக்க வைத்திருக்கும் கணைய அழற்சி நோயாளியையும், காலையில் பசியாறிவிட்டு வந்த ஆரோக்கியமான ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அழற்சியைத்தான் பார்க்கிறோமா, சாப்பாட்டைப் பார்க்கிறோமா? தண்ணீரிலும் கண்ணாடிக் குழாயிலும் வடிதாளிலும்கூட நைட்ரைட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுமே ஊற்றாத குழி ரோஸ் ஆகி நிற்பதைப் பார்க்காத ஆய்வுக்கூடம் கிடையாது.

இதெல்லாம் எந்த உறுப்புக்கும் உள்ளதுதான். கணையம் என்று வரும்போது தொல்லை இன்னும் கூடுகிறது. வெட்டி மேசையில் வைத்த நிமிடத்திலிருந்து அது தன் சொந்த என்சைமால் தன்னையே செரிக்க ஆரம்பித்துவிடும். அதனால் எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் குளிர்ந்த இடுக்கியால் அமுக்கி உறையவைக்க வேண்டும், மைனஸ் 196 டிகிரி. எலியின் கணையம் நம்முடையது மாதிரி ஒரே கட்டியாகவும் இருக்காது, குடல் சவ்வில் கொழுப்போடு கொழுப்பாகப் பரவிக் கிடக்கும், பழக்கம் இல்லாத கை கொழுப்பையும் சேர்த்துத்தான் எடுக்கும். அதைவிட முக்கியமாக, அழற்சி வந்த கணையம் நீர் கோத்து வீங்கிவிடும். ‘ஒரு கிராம் திசுவில் இவ்வளவு’ என்று எழுதுகிறார்களே, அந்தக் கிராமில் பாதி வீக்கத்து நீராக இருந்தால் எண் குறைந்து தெரியும். சரி, நீர் வேண்டாம், ‘ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு’ என்று மாற்றினால், அழற்சியில் உள்ளே வந்து குவிந்த வெள்ளணுக்களின் புரதமும் ரத்தத்திலிருந்து கசிந்த புரதமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே எலி, ஒரே திசு, எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து ‘ஏறியது’ என்றும் எழுதலாம், ‘இறங்கியது’ என்றும் எழுதலாம். உங்கள் கட்டுரையில் ‘இரண்டு மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எதில் இரண்டு மடங்கு?

வேறு வழிகளும் உண்டு, மறுக்கவில்லை. இரும்பு கலந்த ஒரு பொறிச் சேர்மத்தைக் கொடுத்து நைட்ரிக் ஆக்சைடை அதில் சிக்கவைத்து, திசுவை உறையவைத்துக் காந்தப்புலத்துக்குள் வைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது, மூன்று கூர்முனையாக ஒரு கோடு வரும், நைட்ரிக் ஆக்சைடு இருந்ததற்கு ஓரளவு நேரடிச் சாட்சி என்றால் அதுதான். ஓசோனோடு மோதவிட்டு வருகிற மங்கலான ஒளியை எண்ணும் மெஷினும் இருக்கிறது, கிரீஸ் சோதனையைவிடப் பல மடங்கு நுணுக்கம். ஒளிரும் சாயம் ஒன்றும் பிரபலம், ஆனால் அது நைட்ரிக் ஆக்சைடோடு நேராகச் சேர்வதில்லை, ஆக்சிஜனோடு கலந்து மாறிய வடிவத்தோடுதான் சேரும், நடுவில் வைட்டமின் சி இருந்தாலும் குழப்பும். நேர்மையாக வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று வழியில் பார்த்து, என்சைமை முடக்கினால் அடையாளமும் மறைகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

பெராக்சிநைட்ரைட்டைத் தேடுகிறவர்கள் பார்ப்பது நைட்ரோடைரோசினை. புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் நைட்ரோ ஒட்டிக்கொண்டால் அது அப்படியே நிற்கும், விநாடியில் ஓடிவிடாது. திசுவை மெல்லிசாகச் சீவி ஆன்டிபாடியால் சாயமேற்றினால், பழுப்பாகப் படிந்த இடம் கண்ணுக்கே தெரியும். இதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 2011-ல், சீனர்கள் விரும்பிச் சாப்பிடும் மலேசியப் பறவைக்கூட்டில், முக்கியமாகச் சிவப்பாக இருக்கும் ‘ரத்தக் கூட்டில்’, நைட்ரைட் அதிகம் என்று சீனா இறக்குமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கும். அந்தக் கூட்டைக் கட்டும் வாலிட் குருவியை வளர்த்த நம் ஆட்கள் சிலருக்கும் அப்போது கை சுட்டது. பிறகு கிலோவுக்கு 30 மில்லிகிராம் நைட்ரைட் என்று வரம்பு வைத்தார்கள். அந்தக் கூடு ஏன் சிவக்கிறது? குருவியின் ரத்தம் என்றுதான் ரொம்பக் காலம் சொல்லி விற்றார்கள். 2018-ல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது வேறு. குருவி வீட்டின் எச்சத்திலிருந்து கிளம்பும் வினைமிக்க நைட்ரஜன், கூட்டின் புரதத்தில் உள்ள டைரோசினை நைட்ரோடைரோசினாக மாற்றுகிறது, அந்தச் சிவப்பு அதனால்தான். வீங்கிய கணையத்தில் தேடுகிற அதே சேர்மம். கூட்டில் அது எச்சத்தின் ஆவியால் வந்தது, அங்கே கணையமும் இல்லை அழற்சியும் இல்லை. நைட்ரோடைரோசினைக் கண்ட உடனே ‘பெராக்சிநைட்ரைட் பிடிபட்டது’ என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உடம்புக்குள்ளேயும் வெள்ளணுவின் ஓர் என்சைம், நைட்ரைட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வைத்து அதே வேலையைச் செய்துவிடும். இன்னும் மோசம், நைட்ரைட் உள்ள மாதிரியில் நாமே அமிலம் ஊற்றினால் சோதனைக் குழாயிலேயே புதிதாக நைட்ரோடைரோசின் உண்டாகும்!

சரி, எல்லாம் ஒழுங்காக அளந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஏறினால் கெட்டது, இறங்கினால் நல்லது என்று யார் சொன்னது? ரத்தக் குழாய் என்சைம் விடும் சிறு அளவு நைட்ரிக் ஆக்சைடு கணையத்துக்கு ரத்தம் போக உதவுகிறது, அந்த என்சைம் இல்லாத எலிகளுக்கு அழற்சி மோசமாகிறது. அழற்சியில் கொட்டும் பெரிய அளவு வேறு கதை. மனித வெள்ளணுக்கள் எலியினுடையதைப் போல அதைக் கொட்டுவதும் இல்லை, எலிக்குச் சொன்னதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூட எலிகளுக்கு அழற்சி வருவதும் இயற்கையாக அல்ல. ஆஸ்திரேலிய மரத்தவளையின் தோலில் கண்டெடுத்த செருலின் என்ற பொருளை மணிக்கு மணி ஊசி போட்டுக் கணையத்தை அளவுக்கு மீறி முடுக்கிவிடுவார்கள்.

இன்னொரு வழி எது தெரியுமா? ஆர்ஜினின். 1984-லேயே ஜப்பானியர்கள் எழுதிவிட்டார்கள், எலியின் எடைக்குக் கிலோவுக்கு 5 கிராம் கணக்கில் ஆர்ஜினினை ஊசியில் ஏற்றினால் அதன் கணையம் அழுகிப்போகிறது. இன்றைக்கும் கடும் கணைய அழற்சியை வரவழைக்க ஆய்வுக்கூடங்கள் ஆர்ஜினின் ஊசியைப் போடுகின்றன. பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை, 60 கிலோ ஆளுக்கு அது 300 கிராம், டப்பாவில் ஒரு வேளைக்குப் போட்டிருப்பது சில கிராம்தான், இரண்டும் ஒன்று ஆகாது. ஆனால் கணையத்தைக் கெடுக்க விஞ்ஞானிகள் கையில் எடுக்கும் பொருளைக் கணையத்தைக் காக்கும் தூள் என்று விற்கும்போது, வாங்குகிறவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

மாறாக, நைட்ரிக் ஆக்சைடை அடியோடு அடைத்துப் பார்த்த கதையும் இருக்கிறது. ரத்தத்தில் கிருமி பரவி அழுத்தம் விழுந்த நோயாளிகளுக்கு, அழுத்தம் விழக் காரணம் நைட்ரிக் ஆக்சைடுதானே என்று அந்த என்சைம்களை முடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அழுத்தம் ஏறத்தான் செய்தது. 797 பேரில் நடந்த அந்தச் சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள், ஏனென்றால் 28 நாளில் மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 49 சதவீதம். 2004-ல் வெளியானது. எண்ணைச் சரிசெய்தார்கள், ஆளை இழந்தார்கள். கணைய அழற்சிக்கே வருவோம் என்றால், கடுமையாகப் பாதிக்கப்பட்ட 43 பேருக்கு வைட்டமின் சி, செலினியம், அசிட்டைல்சிஸ்டைன் என்று ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை நரம்பு வழியாகவே ஏற்றிப் பார்த்த சோதனை 2007-ல் வந்தது, பலன் இல்லை. நரம்பில் ஏற்றியே உதவாதபோது கரண்டித் தூள் என்ன செய்யும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் கணைய அழற்சியைக் கண்டுபிடிக்க யாரும் நைட்ரஜனை அளப்பதில்லை. மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஓடும் வலி, ரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைபேஸ் என்ற செரிமான என்சைம் வழக்கமான உச்ச அளவைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பது, ஸ்கேனில் தெரியும் வீக்கம், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போதும். காரணத்தைத் தேடினால் பித்தக்கல், மது, ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிய டிரைகிளிசரைடு கொழுப்பு என்றுதான் பெரும்பாலும் வரும். தோட்டத்தில் ஆரம்பித்து இன்று அடுக்குமாடி வீட்டு வாகன நிறுத்தம்வரை நம்மை விடாத மலிவுச் சம்சு சாராயத்தைப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கம் எழுதியதை நான் பார்க்கவில்லை. அதை எழுதினால் டப்பா விளம்பரம் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும்.

என் பயம் ஒன்றுதான். தண்ணீர்மலைக் கோயிலில் பார்க்கும் பழக்கத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார், வீட்டுக்காரருக்குப் போன வருடம் கணையத்தில் வீக்கம் வந்ததாம், ‘இப்ப திரும்ப வலிக்குதுன்னு சொல்றாரு தம்பி, இந்தத் தூள குடுத்துப் பாத்துட்டு அப்புறம் போகலாமா?’ என்று. அக்கா, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். இந்த நோயில் முதல் ஒன்றிரண்டு நாள்தான் எல்லாம், சரியான அளவில் நரம்பு வழி நீர் ஏறுவதும் வலி அடங்குவதும் உறுப்புகளைக் கண்காணிப்பதும் அப்போது நடக்க வேண்டும். தூளுக்குக் காத்திருந்த இரண்டு நாளை யார் திருப்பிக் கொடுப்பது?

அதனால் ஆசிரியர் ஐயா, அடுத்த ஞாயிறே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி ‘விஞ்ஞானிகள் அளந்தார்கள்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எந்தத் திசு, எந்தப் பிராணி, எந்தச் சோதனை, எதால் வகுத்த எண் என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். வாசகர்களுக்கும் ஒன்று. அந்த டப்பா நோயைக் குணமாக்கும் என்று சொன்னால், சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், எம்ஏஎல் என்று தொடங்கும், ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். எனக்கு வந்த படத்தில் டப்பாவின் நாலு பக்கமும் தெரிந்தது, அந்த எண்ணைக் காணோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
கெலுகோர், பினாங்கு